பூசையன்று அழிந்த திருத்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். எழுதினால் முனியின் மேல் பழி வருமோ என்று பயந்தேன். எழுதாமல் விட்டதில் பழி ஒரு பெண்பிள்ளையின் மேலேயே நின்றுவிட்டது.

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையரில் நான் வேலை செய்தேன். இயந்திரங்களுக்குக் காவல் சாமியான ரோதைமுனிக்கு வருடாந்தப் பூசை செய்வதும் நான்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் எங்களுக்குப் பக்கத்து லயத்துப் பெண் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, டிரையரின் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு சின்னப் பெட்டி செய்து வந்தாள். சரிப்பட்டால் அங்கேயே நிரந்தர வேலை என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லியிருந்தார்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சி என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமில், எல்லாப் பகுதிக்கும் பொதுவான எண்கள் சில உண்டு. ஒவ்வொன்றின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் சேர்த்து அவள் ஓர் அட்டவணை வைத்திருந்தாள். மடிக்கணினியை ஒயரால் இணைத்துப் பெயரைத் தட்டினால் அந்த எண் திரையில் வரும். கூடவே புது எண்ணைத் தட்டினால், டிரையர் ஓட ஓடவே அது மாறிவிடும். வெப்பமானி கொஞ்சம் குறைத்துக் காட்டியது. என்னைத் தேயிலையை முகர்ந்து பார்க்கச் சொல்லிச் சொல்லி, அதற்கு ஈடாகக் கூட்ட வேண்டிய திருத்த எண்ணை அப்படித்தான் தட்டித் தட்டிச் சரிக்கட்டினாள்.

"இனி முனிக்கு வேலையில்ல, பெட்டியே பாத்துக்கும்" என்று இலை உருட்டும் இயந்திரத்து ரோலர்காரர் கேலி செய்தார்.

"அப்ப பூசைப் பொங்கலும் பெட்டிக்குத்தான், உங்களுக்கு இல்ல மாமா" என்றாள் அவள்.

பூசை வந்தது. சந்தனம் வைக்கும்போது எந்த இயந்திரத்திலும் கரண்ட் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மெயினை அணைத்தேன். பெட்டிக்குத் தனி பேட்டரி இருந்தது. சாமி காரியமாயிற்றே என்று அதையும் கழற்றினேன். பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். திரையில் வழக்கமான சூடுதான் தெரிந்தது. ஆனால் வந்த தூள் கருகி நாறியது.

தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் அவளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என் புரோகிராம்லதான் பிழைங்க ஐயா" என்றாள். அத்தோடு வேலை போயிற்று. பெண்பிள்ளை கைவைத்ததால் முனிக்குக் கோபம் என்று லயமெல்லாம் பேச்சு. அவள் அம்மா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

கொழும்புக்குப் போகிற அன்று பஸ் நிலையத்தில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் தட்டுன எண்ணெல்லாம் கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் நிக்கும் மாமா. பேட்டரிய கழட்டுனதும் திருத்தம் பூஜ்ஜியமாயிருச்சு. சூடு கம்மின்னு நெனச்சு பெட்டி சூட்ட கூட்டிருச்சு. சரியான எண்ண புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருக்கணும். கடைசியில எழுதலாம்னு விட்டுட்டேன்."

"இத அங்கேயே சொல்லியிருக்கலாமே புள்ள?"

"சொன்னா அடுத்த வருஷம் மெயின அணைக்க விடுவாங்களா? பூசையே நின்னுரும். நீங்களும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. பூசை நிற்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தேங்காய் உடைக்கும்போது அவள் முகம்தான் முன்னால் வந்தது. இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். தொழிற்சாலையில் வேலை கேட்டு வரும் பெண்பிள்ளைகளிடம் அந்தக் 'கோபத்தை'ச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் அவளுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். "இனி சொல்லுங்க மாமா" என்றாள்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். முனி கோபித்தார் என்று கூட்டாதீர்கள், பூசையால் கெட்டது என்றும் திரிக்காதீர்கள். அவள் தன் பங்கென்று சொன்னதையும் மறைக்க வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.