இன்னும் ஒரு வரி கல்

அப்பாவுக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தோம். பழைய வீட்டில் கக்கூஸ் தோட்டத்துக் கடைசியில் இருந்தது. மழையில் அங்கே போய்வர அம்மாவின் தோளும் என் தோளும் வேண்டும். புது வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ், எங்கும் கால் தடுக்காத தரை. அப்பா கேட்டது ஒன்றுதான்: "என் காலால நடந்து உள்ள போவணும்." அதற்காகத் தினமும் வாடகை வீட்டு வாசலில் கம்பை ஊன்றி நடந்து பழகினார்.

எங்கள் கெட்ட நேரம், பக்கத்து மனையில் சித்தப்பாவும் அப்போதே வீடு கட்ட ஆரம்பித்தார். வில்லியனூர்ப் பக்கம் ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயரும், வீடு தாழும். மழைத் தண்ணீர் எந்த வீடு தாழ்வோ அதற்குள் போய்விடும். அதனால் அண்ணன் தம்பியானாலும் பேஸ்மட்ட உயரத்தில் மட்டும் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

காலையிலேயே அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் மனையில் வந்து உட்கார்ந்துவிடுவார். கண் எங்கள் சுவரில் இருக்காது, சித்தப்பா சுவரில்தான்.

"மேஸ்திரி, அவன் ஒரு வரி கல்லு ஏத்திட்டான் பாரு. நீயும் ஏத்து."

மேஸ்திரி ஏற்றுவார். சாயங்காலம் சித்தப்பா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போவார். மறுநாள் அங்கே ஒரு வரி கூடியிருக்கும். இரண்டு மனைக்கும் கிராவல் அடித்த டிராக்டர்காரருக்குத்தான் கொண்டாட்டம். இதில் சண்டை என்று எதுவும் இல்லை. மத்தியானம் சித்தப்பா வீட்டு மீன்குழம்பு வரும். அப்பா நன்றாகச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே "இன்னும் ஒரு வரி" என்பார்.

"இவ்ளோ படி நீ எப்படிப்பா ஏறுவ?" என்று கத்தினேன்.

"அதுக்குள்ள காலு சரியாயிடும்டி. தண்ணி உள்ள வந்தா இன்னா பண்ணுவ?"

படிக்குப் பதில் சாய்வாகப் பாதை போடலாமா என்று மேஸ்திரியைக் கேட்டேன். "இந்த ஒசரத்துக்குப் போட்டா எதிர் வூட்டு வாசல்ல போய் எறங்கும்மா" என்றார். அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பால் காய்ச்சும் நாளன்று அப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். முதல் படியில் வலது கால் ஏறியது. இடது கால் வரவில்லை. மறுபடி முயன்றார். பந்தலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா ஓடிவந்து, "வாண்ணா, நாங்க தூக்கினு போறோம்" என்றார்.

"தூக்கினு போறதுக்கு நான் இன்னா பொணமாடா?"

உள்ளே பால் பொங்கியது. அப்பா பந்தலிலேயே உட்கார்ந்து குடித்தார். உள்ளே எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். டைல்ஸ் நிறம் வரைக்கும் சொன்னேன்.

அவரை விட்டுவிட்டு எப்படிக் குடிபோவது? வாடகை வீட்டிலேயே இருந்தோம். அவரும் வாசலில் நடந்து பழகிக்கொண்டே இருந்தார். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

"புது வூட்டுக்குள்ள ஏத்தக் கூடாது, வெளியவே வைங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். அம்மா கேட்கவில்லை. "அவரு வூடு. உள்ள போவட்டும்."

தலைமாட்டைச் சித்தப்பா பிடித்தார். முதல் படியில் நின்று, "கோச்சிக்காதண்ணா, தூக்குறோம்" என்று தேம்பினார்.

அந்த மழைக்கு ஊரெல்லாம் தண்ணீர். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அப்பா சொன்னது சரிதான். அம்மாவும் நானும் காய்ந்த தரையில் உட்கார்ந்து அழுதோம்.