கம்பியைப் பிடிக்காத அக்கா

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சுரண்டை பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. என் பக்கத்தில் நின்ற அக்கா அந்த மழையிலும் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நின்றார்.

“யக்கா, கம்பியப் பிடிங்க. விழுந்துருவீங்க,” என்றார் கண்டக்டர்.

“விழுந்தா எந்திரிச்சுக்கிடுதேன்.”

கம்பியைத் தொட்டால் அழுக்கு ஒட்டிவிடுமாக்கும் என்று எனக்குள் முணுமுணுத்தேன். அடுத்த வளைவில் டிரைவர் பிரேக் போட, அக்கா என் தோளைப் பிடித்துத் தொங்கினார்.

“கம்பியில என்ன முள்ளா இருக்கு?” என்று கேட்டே விட்டேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கண்ணும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

“மெட்ராஸ் ஐ, அண்ணாச்சி. காலையிலேருந்து கண்ணக் கசக்கிக்கிட்டே இருக்கேன். இந்தக் கையக் கம்பியில வச்சா பஸ்ஸு பூராத்துக்கும்லா ஒட்டிரும்? இப்ப ஒங்க சட்டையிலயும் பட்டுட்டு. வீட்டுக்குப் போய்த் துவைச்சிருங்க. அதுவரைக்கும் கண்ணத் தொட்டுராதீங்க.”

சொன்னதுமே என் கண் அரிக்கத் தொடங்கிவிட்டது. நான் கையைத் தூக்கும்போதெல்லாம் அவர் “ம்ஹூம்!” என்று அதட்டினார். தென்காசியில் நான் இறங்கும்வரை விடவில்லை.

எனக்குக் கண்வலி வரவில்லை. இப்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால், எனக்காக யாரோ தொடாமல் விட்டுப்போன இடமோ என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.