போஞ்சிப் பாத்தியும் நீர்மட்டக் கம்பமும்

திகனவுக்குக் கீழே இருந்த நீர்த்தேக்கத்தில் எனக்கு நீர்மட்டம் பார்க்கும் வேலை. காலை ஆறு மணிக்குக் கரைக்கு இறங்கி, அங்கே நட்டிருந்த அளவுக் கம்பத்தில் தண்ணீர் தொடும் இலக்கத்தைக் குறித்து, மேலே வந்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் மகாவலி ஆற்றையே நான்தான் நடத்துகிறேன் என்று ஒரு நினைப்பு.

சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் விட்டு முடியும் புரட்டாசியில் நீர்த்தேக்கம் ஒடுங்கி அடிமண் வெளியே வரும். எரு கேட்காத வண்டல். ஊரார் அதில் காய்கறி போட்டு, தண்ணீர் திரும்ப ஏறுமுன் எடுத்துவிடுவார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியிருந்த ஓர் அக்கா அந்த வருடம் போஞ்சி போட்டிருந்தார். கணவர் படுத்த படுக்கை. அந்தப் பாத்தியை நம்பித்தான் வீடு.

என்னைக் கண்டால் கேட்பார்: "தம்பி, தண்ணி எப்ப ஏறும்?"

"இன்னும் பத்து நாளு இருக்குக்கா. பயப்படாதீங்க, காய் நல்லா திரளட்டும்."

எங்கள் ஊர் வானத்தை மட்டும் பார்த்துச் சொன்னேன். ஆனால் ஆற்றின் மேலே, கம்பளைப் பக்கம் மழை தொடங்கியிருந்தது. பொல்கொல்லையில் ஆற்றுத் தண்ணீரை வடக்கே திருப்பும் சுரங்கத்தைத் துப்புரவுக்காக மூடப்போவதாக அறிவித்தலும் வந்திருந்தது. மூடினால் அந்தத் தண்ணீரெல்லாம் எங்களிடம்தான் வரும். அறிவித்தலை வாங்கிக் கையெழுத்து வைத்துச் சுவரில் குத்தியவனே நான். அதை அக்காவின் போஞ்சியோடு சேர்த்துப் பார்க்க இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் என்று சொன்ன நான்காம் நாள் காலை இறங்கியபோது அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று பிஞ்சும் காயுமாகப் பறித்துக்கொண்டிருந்தார். நான் இலக்கத்தைக் குறித்தேன். மேலே ஏறி அலுவலகத்துக்குச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.

சுரங்கத்தை மூடப்போவது எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அவர் திட்டவில்லை. பறிப்பதை நிறுத்தவும் இல்லை.

"ஆபீசுக்குக் கணக்கு சொல்லிட்டீங்களா தம்பி?" என்றார்.

"சொல்லிட்டேன்க்கா."

அடுத்த வருடமும் அவர் அதே இடத்தில் போஞ்சி போட்டார். பாத்திக்குக் கீழே, தண்ணீரோரமாகச் சுண்ணாம்பு பூசிய ஒரு குச்சி நட்டிருந்தார். தண்ணீர் எப்போது ஏறும் என்று என்னிடம் கேட்கவில்லை. சுரங்கம் மூடும் திகதியை நானாகப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு திரும்பிக் குச்சியைப் பார்த்தார்.