பின்வாசலில் மணிக்கட்டு பார்க்கிற வேலை

கடற்கரை ஓட்டல் ஒன்றின் பின்வாசலில் நின்று, வேலைக்கு உள்ளே போகிறவர்களின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது என் தொழில். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வைத்தியர் நாடி பார்ப்பது போலத் தெரியும். நான் பார்ப்பது கையில் கட்டியிருக்கிற வாட்சை.

இதை எழுத உட்காரும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாமல் ஏடாகூடமாகச் சொல்லிவைத்தால், "கோமளாக்கா எங்களை இப்படிச் சொல்லிட்டாங்களே" என்று நாளைக்கே யாராவது வந்து நிற்பார்கள். உங்களில் யாராவது கம்பெனி கேட்டிலோ பரீட்சை நடக்கிற வாசலிலோ நின்று அடுத்தவரைச் சரிபார்க்கிற வேலை செய்திருந்தால் இந்தப் பயம் புரியும். நாம் நல்லதாகச் சொன்னாலும் அது குற்றம் சொன்ன மாதிரிதான் அவர்கள் காதில் விழும்.

ஓட்டல் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஓட்டல் வேனில் வருகிறேன். முதலில் சலவைக் கூடத்தில் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சீருடை அறைக்கு மாற்றினார்கள். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது பின்வாசலில் நின்று தலைமுடி, நகம், ஷூ, வாட்ச் எல்லாம் பார்த்து அனுப்பச் சொன்னார்கள். முதல் மூன்றிலும் சண்டை வராது. வாட்சில்தான் வரும்.

ஓட்டல் முழுவதற்கும் வாட்சுக்கான விதிகளை வைத்தவர் பிலிப் சார். விருந்து மண்டபத்தில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பல வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். வாட்ச் இடது கையில்தான் இருக்க வேண்டும். தோல் வார், அதுவும் ஷூவின் நிறத்தில். சட்டைக் கைக்குள் அடங்க வேண்டும். முகம் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவருக்கு வேதம்.

சமீபத்தில் புதிதாக ஒரு மேனேஜர் மேடம் வந்தார். "இதெல்லாம் தாத்தா காலத்து ரூல், கோமளாம்மா. இப்ப யார் இதைப் பாக்கிறாங்க? தினமும் கையைப் பாக்கறது நீங்க. திங்கட்கிழமை மீட்டிங்ல நீங்களே சொல்லுங்க, ரூல் வேணுமா வேணாமான்னு. வேணாம்னா கேட்ல நிக்க ஆள் தேவையில்ல, முடி, நகமெல்லாம் அவங்கவங்க டிபார்ட்மெண்ட்லயே பாத்துக்குவாங்க. நீங்க சலவைக்கே போயிடலாம், கால் வலிக்காது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கோ போக மனசில்லை. சலவைக் கூடத்தின் அனல்கூடப் பரவாயில்லை. பின்வாசலில் நிற்கிற என்னிடம் அத்தனை பேரும் "அக்கா, சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அந்த இடத்தை எப்படி விடுவது?

எதைச் சொன்னால் என் இடம் தங்கும் என்று யோசித்தபடியே அந்த வாரம் ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். அதில் சில கைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

வலது கை ஏழுமலை

விருந்தினர்கள் கடலில் இறங்கும்போது காவல் நிற்கிறவர் ஏழுமலை. பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். எந்நேரமும் வலது கையில்தான் வாட்ச் கட்டுவார். நானும் வந்த நாளிலிருந்து "மாத்துங்க" என்பேன், அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்த வாரம் மட்டும் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். ரூல் இல்லை என்று ஆனால் நானும் இல்லையே.

"இன்னா ரூலு? யாரு போட்டது?" என்றார். "பிலிப் சார்" என்றேன். இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே கயிறு அறுத்த தழும்பு. காவல் போட்டை இழுத்து மணலில் ஏற்றும்போது கயிற்றை இடது கையில் சுற்றித்தான் பிடிப்பாராம். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

"நீயே ரோசன பண்ணு யக்கா. அந்தாண்ட அல இய்க்குது, இந்தாண்ட நான் இய்க்குறேன். நடுவுல வாட்சு மாட்டிக்கினா கையும் சேந்து பூடும். உங்க பிலிப் சாராண்ட வேற கை ஸ்பேர் கீதான்னு கேளு, அதுல கட்டிக்கிறேன்."

மாமனார் போட்ட வாட்ச்

கார்த்திக் கூடுவாஞ்சேரிப் பையன். பரிமாறுகிறவன். கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று கையில் தங்க நிறத்தில் ஒரு வாட்ச். சட்னிக் கிண்ணத்தை மூடலாம், அவ்வளவு பெரிசு. சட்டைக் கைப் பித்தானைப் போட முடியவில்லை. குனிந்து பரிமாறும்போது அது விருந்தினர் தோளில் இடித்தால் என்ன ஆவது? கழற்றச் சொன்னேன். முகம் சுண்டிப்போனான். "மாமனார் போட்டதுக்கா. மத்தியானம் வொய்ஃப் வீடியோ கால்ல வருவா. மொதல்ல கையத்தான் பாப்பா."

எனக்கும் மனசு கேட்கவில்லை. என் அறை அலமாரியில் வைத்துவிட்டுப் போ, சாப்பாட்டு நேரத்தில் கட்டிக்கொண்டு பேசு, பிறகு கழற்றிவிடு என்று ஓர் ஏற்பாடு செய்தேன். நாலு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் பேச்சு முடிந்தது என்று நினைத்து, போனை அணைக்காமலே சுவரில் சாய்த்துவிட்டு, வாட்சைக் கழற்றினான். கண்ணாடியில் வாயால் ஊதி, ஒயின் கிளாஸ் துடைக்கிற வெள்ளைத் துணியால் துடைத்து, அதிலேயே சுற்றி, குழந்தையைப் படுக்கவைப்பது போல அலமாரியில் வைத்தான். போனிலிருந்து, அவன் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்து அவன் மனைவியின் குரல் வந்தது.

"நல்லா பாத்துக்கோங்கக்கா. கண்ணாலம் ஆன நாள்லருந்து எங்கிட்ட ஒரு நாளு இம்மாம் பதமா நடந்துகினது இல்ல இந்த ஆளு."

வாட்சே கூடாத இடம்

மசாஜ் செய்கிற பெண்களுக்கு மட்டும் விதி எளிது. வாட்ச் கட்டவே கூடாது. விருந்தினர் தோலில் கீறிவிடும். மாவி மிசோரத்திலிருந்து வந்தவள். தமிழை எங்கள் ஓட்டல் சமையல் கட்டில் கற்றுக்கொண்டதால் எங்களைவிட மெட்ராஸ்காரியாகப் பேசுவாள். தினமும் வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அரை மணி மசாஜ், ஒரு மணி மசாஜ் என்று காசு வாங்குகிறார்களே, வாட்சும் இல்லாமல் அந்த அறையில் கடிகாரமும் இல்லாமல் எப்படித்தான் கணக்கு வைக்கிறாய் என்று கேட்டேன்.

"பாட்டு போடறோம்ல? நாலு பாட்டு காலுக்கு, நாலு பாட்டு முதுகுக்கு. பாட்டு பொட்டி மக்கர் பண்ணிச்சின்னா அன்னிக்கி கெஸ்ட்டுக்கு லாபம்க்கா."

பொத்தேரிப் பிள்ளைகள்

பெரிய கல்யாண வரவேற்பு என்றால் பொத்தேரிப் பக்கத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பரிமாற வருவார்கள். அந்த சனிக்கிழமை வந்த அத்தனை பேர் கையிலும் ஸ்மார்ட் வாட்ச். இடது கை, கறுப்பு வார், கறுப்பு ஷூ. பிலிப் சார் விதியில் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாரையும் உள்ளே அனுப்பினேன். கறுப்புக் கோட்டில், கையில் ஜூஸ் தட்டுகளோடு, அவர்கள் மண்டப ஓரமாக வரிசையாக நின்றபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளைகள் என்றே தோன்றியது. கோட்டில் பித்தான் அறுந்தால் தைக்க, ஊசி நூலோடு நானும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மணமக்கள் நுழைவதற்காக விளக்கை அணைத்தார்கள். அணைத்ததும் வரிசையில் ஒவ்வொரு மணிக்கட்டாக எரிய ஆரம்பித்தது. கையைக் கொஞ்சம் அசைத்தாலே அந்த வாட்சில் வெளிச்சம் வந்துவிடுமாம். எல்லாரும் மணமகளை விட்டுவிட்டு ஜூஸ் தட்டுகளைப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர், ஜூஸ் கொடுத்த பெண்ணிடம் தன் சம்பந்தி வீட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கையில் வாட்ச் அதிர்ந்தது, குனிந்து அதைப் பார்த்தாள். "ஏம்மா, நான் பேசறது உனக்கு போரடிக்குதா?" என்று கேட்டார். "ஐயோ இல்ல அங்கிள், எனக்கு ஹார்ட் பீட் ஜாஸ்தியா இருக்குன்னு இது சொல்லுது" என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக. பெரியவர் அவள் கையை எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. பந்தி எப்ப போடுவாங்கன்னு அதுல காட்டுதா பாரு."

உள்பக்கம் பார்க்கிற வாட்ச்

புல்வெளியில் டீ கொடுக்கிற அமுதா செங்கல்பட்டிலிருந்து வருகிறாள். முன்பு ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தவள். அங்கே நர்சுகளைப் பார்த்து, வாட்சின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும்படி கட்டப் பழகியவள். பிலிப் சாருக்கு அது பிடிக்காது. "அது டீச்சர்ங்க கட்டற மாதிரி. ஓட்டல்ல கூடாது. திருப்பச் சொல்லும்மா" என்று என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். நானும் ஒவ்வொரு நாளும் அமுதா கையைப் பிடிப்பேன். ஏதோ ஒன்று தடுக்கும், விட்டுவிடுவேன். அதனால் எனக்குத்தான் ஏச்சு விழும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதான தம்பதி அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும்போது, பிலிப் சாரையும் அமுதாவையும் தேடி வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். முந்தின நாள் சாயங்காலம், வெளிநாட்டில் இருக்கிற மகனைப் பற்றி அந்த அம்மா அமுதாவிடம் வெகுநேரம் பேசியிருக்கிறார். "சொந்தக்காரங்ககூட எங்ககிட்ட பேசும்போது மணியப் பாத்துக்கிட்டேதான் பேசுவாங்க. இவங்க ஒரு தடவைகூடப் பாக்கல" என்று சொல்லி அமுதா கையைப் பிடித்துக்கொண்டார். பிலிப் சாருக்கு மார்பு விம்மிவிட்டது, தான் பயிற்சி கொடுத்த ஆள் அல்லவா. அவர்களும் சாரும் போன பிறகு, "நிஜமாவே பாக்கலியாடீ?" என்று கேட்டேன்.

"பாக்காம இன்னாக்கா? ரெண்டு கையிலயும் தட்டு புடிச்சிருந்தேன், வாட்சு என் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்துச்சி. செங்கல்பட்டு வண்டி பூடப் போவுதுன்னு தெரிஞ்சிச்சி. அதுக்குன்னு புள்ளயப் பத்தி பேசற அம்மாவாண்ட கையத் திருப்பிக் காட்ட முடியுமா?"

திங்கட்கிழமை

வேனில் வரும்போது ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்: "எல்லா ரூலும் வேணும் மேடம்." அதைச் சொன்னால் பிலிப் சாருக்கும் சந்தோஷம், என் இடமும் பத்திரம். மீட்டிங்கில் முதலில் பிலிப் சார் எழுந்து, விதியைத் தளர்த்தினால் ஓட்டல் ஓட்டலாக இருக்காது என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்து என்னை எழுப்பினார்கள்.

"எல்லா ரூலும் வேணும்னு சொல்லத்தான் மேடம் வந்தேன்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் அந்தப் பொய் வரவில்லை. ஏழுமலையின் உள்ளங்கை கண் முன்னால் வந்து நின்றது. "ஆனா எந்தக் கை, எந்த வாரு, உள்பக்கமா வெளிப்பக்கமா, இதெல்லாம் அவங்கவங்க இஷ்டம்தான் மேடம். கெஸ்ட்டு உடம்புல பட்டுடக் கூடாது. செய்யற வேலையில மாட்டிக்கக் கூடாது. எதிர்ல ஒருத்தர் பேசறப்ப, உன் பேச்சு எப்ப முடியும்னு கேக்கற மாதிரி நடுவுல வரக் கூடாது. இது மூணும் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் வாயாலேயே நான் சலவைக்குப் போக வழி செய்துகொண்டது உறைத்தது. மேடமும் அதையே கேட்டார்: "அப்ப கேட்ல பாக்க என்னதான் இருக்கு, கோமளாம்மா?"

பிலிப் சார் மறுபடி எழுந்தார். என்னைத் திட்டத்தான் எழுகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் ரூலுக்கு ஆளே வேணாம் மேடம், ஒரு படம் வரைஞ்சு கேட்ல ஒட்டிட்டாப் போதும். இந்தம்மா சொல்றதுக்குத்தான் ஆள் வேணும். இன்னைக்கு யார் கயிறு பிடிக்கிறான், யார் தட்டு தூக்கறான்னு தெரிஞ்சவங்க நின்னாத்தான் சொல்ல முடியும். எனக்கு இது சுத்தமாப் பிடிக்கல, ஆனா அந்த இடத்துல இந்தம்மாதான் நிக்கணும்."

என் கை

இடம் தங்கிவிட்டது. அடுத்த நாள் ஸ்மார்ட் வாட்ச்காரர்களை வெளிச்சம் வராமல் அணைத்துக் காட்டச் சொன்னேன். அமுதாவை அப்படியே போகச் சொன்னேன். ஏழுமலை வலது கையைத் தூக்கி எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். நான் அப்படி நிமிர்ந்து நின்றிருந்த நேரத்தில் மேடமே பின்வாசலுக்கு வந்து ஓரமாக நின்று பார்த்தார். சிரித்தார். பிறகு அவர் பார்வை என் கைக்கு வந்தது. கண்ணாடி வளையலுக்கு நடுவில், மெல்லிசுச் செயின் போட்ட என் வாட்ச் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"கோமளாம்மா, கோட் தைக்கும்போது அந்தச் செயின் நூலை இழுக்காதா?"

அன்றைக்கே கழற்றி வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன். காலையிலிருந்து யாராவது ஒருவருடைய கை என் கையில் இருக்கும்போது, மணி பார்க்க எனக்கென்று தனியாக ஒரு வாட்ச் எதற்கு?