வண்டி நின்ற பிறகு அளந்தவர்

அருளப்பன் சார் இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய மச்சான் பீட்டர். காலை நேரம், ஏற்காடு மலை அடிவாரத்தில் என் கடையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. "மாமா போயிட்டாருங்கக்கா. தூக்கத்துலயே," என்றார். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். வியாபார நேரத்தில் உட்காரும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சார் எடையளவு ஆய்வாளராக இருந்தார். எங்கள் பக்கத்தில் முத்திரை ஆபீசர் என்றால்தான் தெரியும். ஏற்காட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். சாரின் ஸ்கூட்டர் சந்தைக்குள் நுழைந்தால் கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். பெட்ரோல் பங்கில் அளவு கேனில் பிடித்துப் பார்ப்பதும் அவர் வேலைதான். கடைசி சில ஆண்டுகளில் கரண்டு வண்டிகளுக்கான சார்ஜர்களைச் சோதிப்பதும் சேர்ந்துகொண்டது.

என் கடை வாசலில் சார்ஜர் வைத்த முதல் ஆண்டிலேயே எனக்குக் கெட்ட பெயர் வந்தது. டாக்ஸி டிரைவர்கள் என்னிடம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார்கள். பாதி வழியிலேயே பேட்டரி மளமளவென்று இறங்கிவிடும். ஏற்காட்டில் பீட்டரின் லாட்ஜில் ஏற்றிக்கொண்டு இறங்கினால், அடிவாரம் வந்த பிறகும் அப்படியே இருக்கும். ஆகவே பீட்டரின் மிஷின் தங்கம், என்னுடையது திருட்டு மிஷின் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு வண்டியும் நிற்கவில்லை. சார்ஜர் போனால் போகிறது, சாப்பிடவும் ஆள் வரவில்லை. கடையை மூடிவிடலாம் என்கிற நிலைமை. புகார் கொடுத்தவர் முருகேசன் என்ற டிரைவர். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

புகாரை விசாரிக்க சார் ஒரு பெட்டியோடு வந்தார். அதற்குள் சோதனை மீட்டர் இருந்தது. என் சார்ஜருக்கும் முருகேசன் வண்டிக்கும் நடுவில் அதை மாட்டினார். இரண்டும் ஒரே யூனிட்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. முருகேசனோ வண்டிக்குள் இருந்த திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பர்சென்ட் ஏறவே மாட்டேங்குதுங்க சார், நீங்களே பாருங்க!"

சார் தன் கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து அந்தத் திரையை மூடினார். "அது வண்டி போடற கணக்குங்க தம்பி. மிஷின் என்ன குடுத்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. வண்டி அது பாட்டுக்கு நிக்கட்டும். நீங்க இந்த மீட்டரப் பாருங்க."

இரண்டு மீட்டரும் ஒத்துப்போயின. முருகேசனுக்குத் திருப்தி இல்லை. "அப்ப மேல ஏத்துனா மட்டும் எப்படீங்க அத்தன தூரம் வருது?"

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "மேல இருக்கறது உங்க மச்சான் மிஷினாச்சுங்களே சார். அங்கயும் இந்தப் பொட்டி போகுமுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"இப்ப அங்கதான் போறேன். நீங்களும் வாங்க அம்மிணி."

கடையைச் சாத்திவிட்டு சாரோடு முருகேசன் வண்டியில் ஏறினேன். கைக்குட்டையை எடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. "இப்ப எந்த மிஷின் திருடுதுங்க தம்பி?" என்று சார் கேட்டார். ஏற்றம்தான் கரண்டைத் தின்கிறது, இறக்கத்தில் வண்டியே கொஞ்சம் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று அதன் பிறகுதான் விளக்கினார்.

லாட்ஜில் அதே பெட்டி, அதே சோதனை. பீட்டரின் சார்ஜர் கொடுத்ததைவிட அதிக யூனிட் காட்டியது. பீட்டரின் முகம் சுண்டிப்போனது.

"சீசனுங்க மாமா. எல்லா ரூமும் புல்லு. வேணும்னு பண்ணலீங்க."

"தெரியுமுங்க மாப்ள. மீட்டரு பழுது. சரி பண்ணுங்க, அதுவரைக்கும் ஓடக் கூடாது." சொல்லிக்கொண்டே சீல் வைத்தார். அவரைச் சந்தேகப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

பீட்டரும் நல்ல மனிதர்தான். மிஷின் சரியாகும்வரை, வரும் விருந்தினர்களிடம் அடிவாரத்திலேயே ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். என் கடை பிழைத்தது. ஆனால் தன் தம்பியின் மிஷினுக்குச் சீல் வைத்த கோபம் சாரின் மனைவிக்கு நெடுநாள் இருந்தது. "ஊட்டுல எனக்கே சீல் வெச்சுட்டாங்க அம்மிணி," என்று சார் என் கடைக்குச் சாப்பிட வருவார். சாப்பிட்டு முடித்து, "அளவு சரி, உப்புதான் நொம்பக் கம்மி," என்பார். ஒரு நாள்கூட உப்பு சரி என்று அவர் சொன்னதில்லை.

ஏற்காட்டில் நடந்த அடக்கத்துக்கு முருகேசன் வண்டியில்தான் போனேன். மாதா கோயில் நிறையக் கூட்டம். சந்தைக் கடைக்காரர்கள் கடையடைத்துவிட்டு வந்திருந்தார்கள். சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கடச் சாப்பாட்டத்தான் எப்பவும் சொல்லுவாரு," என்றார். உப்பைப் பற்றி அவரிடம் என்ன சொன்னாரோ, கேட்க மனம் வரவில்லை.

திரும்பும்போது பனி மூடியிருந்தது. இறக்கத்தில் திரையின் எண் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அடிவாரம் வந்ததும் வண்டியை என் சார்ஜர் பக்கத்தில் நிறுத்தி வயரை மாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்து, திரைமேல் போட்டு மூடினார்.

"இனிமே இப்படித்தானுங்கக்கா," என்றார். கண்ணைத் துடைக்க அவரிடம் வேறு துணி இல்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

போய் வாருங்கள் சார். இன்றைக்குக் குழம்பில் உப்புக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருக்கிறேன்.