வெங்காயக் கூடையில் லில்லிக் கிழங்கு

நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தா. பெங்களூர்ல வேலை பாக்கற அவ தம்பி, என் மச்சான், இருந்தான். பக்கத்து வீட்டு அம்மா எங்க வாசல்ல இருந்தாங்க. ஈஸ்டர் காலை. பூசை முடிஞ்சி வந்துட்டோம்.

மச்சான் தவக்காலம் முழுக்கக் கறி தொடல. இன்னைக்கு நான்தான் ஆக்குவேன்னு கத்தியைப் புடுங்கிக்கினான்.

எங்க வாசல்ல லில்லி இருக்கு. தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டின சயனைடு மேட்டுலேர்ந்து வர்ற புழுதியில மத்த செடி கருகும். இது கருகாது. இலை பட்டையா, நீளமா இருக்கும். பச்சைத் தண்டு ஒண்ணு கிளம்பும், உள்ள பொள்ளல். அது உச்சியில சிவப்பா பெரிய பூ. வாசனை கிடையாது. ஆடு மோந்து பாத்துட்டுப் போயிடும். விஷம் கிழங்குலதான் அதிகம்.

கிழங்கு பெருகித் தொட்டி வெடிச்சிட்டுது. பக்கத்து வீட்டு அம்மா கேட்டாங்கன்னு கொஞ்சம் தோண்டி வெச்சேன். வீட்டுக்காரி அதைக் காயட்டும்னு வெங்காயக் கூடையில போட்டுட்டா. பாத்தா வெங்காயமேதான். அதே தோல், அதே அடுக்கு.

மச்சான் அரிஞ்சான்.

"அக்கா, இன்னா வெங்காயம் இது? கண்ணுல தண்ணியே வரல."

"பெங்களூர்க்காரன்னு மரியாதை குடுக்குதுடா."

"கொழகொழன்னு வேற இருக்கு." ஒரு துண்டை வாயில போட்டு மென்னான்.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பாத்தாங்க. "ஐயோ, அது என் லில்லி!"

துப்பினான். கொஞ்சம் உள்ள போயிட்டுது. நாக்கு எரியுதுன்னான். அப்புறம் வாந்தி. ஆட்டோவுல ஏத்தினேன். அரிஞ்சது போக மிச்சக் கிழங்கையும் டாக்டர்கிட்ட காட்டினேன். ஊசி போட்டு, சாயங்காலம் வரைக்கும் படுக்க வெச்சாரு.

"பயமில்ல. இன்னைக்குக் கஞ்சி மட்டும்."

"கறி, டாக்டர்?"

"நாளைக்கு."

"நாப்பது நாள் இருந்தேன் டாக்டர்."

"இன்னும் ஒரு நாள் சேத்து இருங்க."

வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்காரி அரிஞ்சதெல்லாம் கொட்டி, கத்தியும் பலகையும் தேய்ச்சிக் கழுவி, வேற வெங்காயம் வாங்கிக் கறி ஆக்கியிருந்தா. மசாலா வாசனை தெருமுனையிலேயே வந்துது. மச்சான் கஞ்சி குடிச்சான்.

"மாமா, சும்மா மோந்து பாத்துக்கட்டா?"

"ஆடு மாதிரியா? பாத்துக்க."

நாங்க சாப்பிட்டோம். அவன் செவுத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கினான்.

மறுநாள் காலையிலேயே தட்டோட வந்தான். இட்லி வேணாம்னான். வீட்டுக்காரி குழம்பைச் சுட வெச்சி ஊத்தினா. பக்கத்து வீட்டு அம்மா எதிர்ல உக்காந்து அவன் தின்ன கறித்துண்டை எண்ணினாங்க.

பத்தொம்பது.