ஆடி மாதம் மட்டும் வேண்டாம்

என் மாமனாருக்குச் சாவைப் பற்றிப் பயம் கிடையாது. ஆடி மாதத்தைப் பற்றித்தான் பயம்.

காரணம் இருந்தது. இடுக்கி மலையில் நாங்கள் வேலை பார்த்த டீ எஸ்டேட்டில், எங்கள் சபைக்கான கல்லறைத் தோட்டம் உச்சிச் சரிவில் இருந்தது. ஜீப்பு போகாது. தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். தை, மாசியில் அது நல்ல நடை. ஆனியில் மழை பிடித்துவிட்டால் பாதை முழுக்கச் செம்மண் குழம்பு, போதாததற்கு அட்டை. பெட்டியைப் பிடித்த கையை எடுத்து அட்டையைப் பிடுங்க முடியுமா? அது ரத்தம் குடித்து முடித்துத் தானாக விழுகிற வரை பாட்டுப் பாடிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். மாமா வேலையில் இருந்த காலமெல்லாம் எந்தப் பெட்டிக்கும் முன்பக்க இடது தோள் அவருடையது. ஆளும் அதற்கேற்ற ஆள். வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது.

எழுபதுகளின் நடுவில் அவர் வேலையிலிருந்து நின்று, என்னோடும் என் வீட்டுக்காரரோடும் எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் இருந்தார். அந்த வருஷத்து ஆடியில் ஃபாக்டரியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். மாமா குடை பிடித்துப் பின்னால் நடந்தார். வளைவில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பெட்டி சறுக்கிக்கொண்டு போய்த் தேயிலைச் செடியில் செருகி நின்றது. யாருக்கும் அடியில்லை. உள்ளே இருந்தவருக்கும் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், முழங்கால் வரை சேற்றோடு எழுந்து நின்று கேட்டான்: “செத்ததுதான் செத்தாரு, ஒரு தை மாசமாப் பாத்துச் செத்திருக்கப்படாதா?”

இறந்தவரின் மகன்கூடச் சிரித்துவிட்டான். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை வீட்டு ஜெபம் எங்கள் வீட்டில். மாமா முழங்கால் போட்டுச் சத்தமாகவே கேட்டார்: “ஆண்டவரே, உமக்கு எப்பச் சித்தமோ அப்ப என்னைய எடுத்துக்கும். ஆனா ஆடி மட்டும் வேண்டாம். ஆனியும் அவ்வளவு நல்லாயில்ல.”

எனக்குப் படிப்பென்றால் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டிக் கற்றதுதான். ஆனால் யாராவது வாயைத் திறந்து ஒன்று சொன்னால் எனக்குக் காதிலேயே ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒட்டியதெல்லாம் இன்னும் உதிரவில்லை.

ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது எதிர்வீட்டு அக்கா ஆரம்பித்தாள்: “சித்திரையிலயும் வேண்டாம் மாமா. கொழுந்து தள்ளுத மாசம். லீவு போட்டா எங்களுக்குக் காசு போயிரும்.”

“டிசம்பர்ல கீத பவனி இருக்கு, வீடு வீடாப் பாடப் போகணும்,” என்றான் பாட்டுக்குழுப் பையன்களில் ஒருவன்.

“லெந்து உபவாச நாள்லயும் சரிப்படாது. ஏற்கெனவே எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாங்க,” என்றார் எங்கள் சபையை நடத்திய உபதேசியார்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப எனக்கு எப்பத்தான்வே நாள் ஒதுக்குவீங்க?”

“பாத்தா, நீரு சாகதுக்கு வழியே இல்லபோல,” என்றார் உபதேசியார்.

“கடைசி நாள்ல எழும்புற அன்னைக்கு நானே எழும்பிக்குவேன் உபதேசியாரே, அதுக்கு ஆளு வேண்டாம். இந்த லயத்துலருந்து அந்தக் குழி வரைக்கும்தான் எனக்குக் கவலை.”

சிரிப்போடு முடிந்தது என்று நினைத்தேன். மறுவாரம் நாங்கள் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது மாமா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கணக்கப்பிள்ளையிடம், “என்னையும் ஒரு தடவ நிறுத்துப் பாரும்வே,” என்றார். கொழுந்து கட்டுகிற படங்குச் சாக்கை விரித்து, அதில் குந்தி, நாலு முனையையும் தராசுக் கொக்கியில் மாட்டச் சொன்னார். கொட்டகை உத்திரம் முனகியது.

கணக்கப்பிள்ளை முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. “ஈரத்துக்குக் கழிக்கவா, கழிக்காமச் சொல்லவா?”

“கழிக்காமச் சொல்லும்.”

“இம்புட்டும் முத்தல் எலதாம்வே. ஃபாக்டரியில எடுக்க மாட்டான். திருப்பிக் கொண்டுபோங்க.”

பெண்களெல்லாம் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தோம். மாமா இறங்கி, தராசு முள் நின்ற இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தார். ரெண்டாவது கரண்டி வேண்டாம், ராத்திரிக்குக் கஞ்சித் தண்ணி போதும், கருவாட்டை நகர்த்து. சட்டை தொளதொளவென்று ஆனது. அவருக்குப் பரலோகத்துப் பாதை லேசானதோ என்னவோ, எனக்குப் பைப்படிக்குப் போகிற பாதை அடைத்துப்போனது. குடம் வைக்கும்போதே காதில் விழும்: “மருமக அளந்து போடுதா போல.” “பாவம், எப்படி இருந்த மனுஷன்!”

“மாமா, நீங்க லேசாப் போறது இருக்கட்டும்,” என்றேன். “நான் ஊருல நடமாட வேண்டாமா?”

“கொஞ்சம் பொறு மருமவளே. தூக்குத பிள்ளைகளுக்கு வலிக்கப்படாது.”

அடுத்த ஆடி வந்தது. மழை விடாமல் அடித்த ஒரு காலையில் மாமா கதவைத் திறந்தவர், அப்படியே வாசலில் மடிந்து விழுந்தார். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ரோட்டில் மண் சரிந்து ஜீப்பு வரவில்லை. டிஸ்பென்சரி ஓடைக்கு அந்தப் பக்கம். ஆட்கள் கம்பளியில் அவரைக் கிடத்தி, மூங்கிலில் தூளி கட்டித் தூக்கினார்கள். முன்னால் நின்றது அதே கவாத்துக்காரன். நான் பக்கத்தில் குடை பிடித்து ஓடினேன்.

ஓடை தாண்டும்போது மழைத்தண்ணி முகத்தில் பட்டுக் கண் விழித்தார். விழித்ததும் முதல் பேச்சு, “ஏலே, கனமா இருக்கேனா?”

“இருக்கீங்க பெரியப்பா. எருமைக்கடா கணக்கா இருக்கீங்க.”

“அதான்லே ஆடியில வேண்டாம்னு…”

“எங்கய்யாவ நீங்கதான முன்னால நின்னு தூக்குனீங்க? அன்னைக்குக் கனம்னு சொன்னீங்களா இல்லையா?”

மாமா கம்பளிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். “சொன்னேன்லே. வாய்விட்டே சொன்னேன். உங்கய்யா என்ன லேசான ஆளா?”

“அப்ப எங்களையும் சொல்ல விடுங்க. கனம்னு சொல்லிச் சொல்லித்தான் தூக்க முடியும். வாய மூடிக்கிட்டுத் தூக்க இதென்ன உரமூட்டையா?”

பின்னால் பிடித்தவன் சிரித்த சிரிப்பில் தூளி குலுங்கியது. “ஏலே, பாத்துலே!” என்று மாமா கத்தினார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மலையாளத்துக்காரர். “வயறு காலி,” என்று என்னை முறைத்தார். “இதுக்கு மருந்து சோறுதான்.” நான் யாரை முறைப்பது? மாமாவை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தூக்கி வந்தவர்கள் ஒருவன் காலிலிருந்து ஒருவன் அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு, யாருக்கு அட்டை அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த புதன்கிழமை ஜெபத்தில் மறுபடி அவர் குரல் கேட்டது. முழங்கால் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தபடி:

“ஆண்டவரே, ஆடி வேண்டாம்னு ஒரு விண்ணப்பம் வச்சிருந்தேன். அத வாபஸ் வாங்கிக்கிடுதேன். உம்ம சிலுவையவே வழியில வந்த ஒருத்தன் தோள்ல வாங்கிக்கிட்டான். நீரு வேண்டாம்னு சொல்லல. நான் மட்டும் என்ன பெரிய ஆளு? உமக்குத் தோதுப்பட்ட மாசத்துல கூப்பிடும். தூக்கப் பிள்ளைக இருக்கு.”

“ஆமென்,” என்றோம். உபதேசியார் கண்ணைத் திறக்கும் முன்பே அடுத்தது வந்தது: “மருமவளே, அந்தக் கருவாட்டுக் குழம்பு இன்னும் இருக்கா?”

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வைராக்கியம். ரெண்டு கரண்டி, மூணு கரண்டி, ராத்திரியிலும் சோறு. அவரும் சளைக்கவில்லை. இழந்த சதையெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. வாசலில் நின்றால் மறுபடி வீடு இருட்டியது.

ரெண்டு வருஷம் கழித்து ஆண்டவர் அவரைக் கூப்பிட்டார். ஆடியில்தான். கொட்டுகிற மழை. நான் அழுதுகொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் பைப்படிப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். அந்த வளைவு வந்ததும் முன்பக்க இடது தோளில் இருந்த கவாத்துக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் போட்டான்:

“ஆத்தாடி! என்னா கனம், என்னா கனம்!”

நான் குடையைச் சாய்த்து, பின்னால் வந்தவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் நன்றாகக் கேட்டிருந்தது.